வரைபடத்தை எழுத்தாக்கிச் சேர்க்கும்போது: கெட்டது இடமா, மையா?

எழுத்துரு வரையும் நிரலான மெட்டாஃபாண்டில் ஒரு வளைகோட்டை வரைந்து, அதை எழுத்துருவின் ஓர் எழுத்தாக ஆக்கி, டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் ஆவணத்தில் மற்ற எழுத்துகளைப் போலவே வரிக்குள் வைக்கிறீர்கள். கையால் எழுதினாலும் சரி, மெட்டாஃபாண்ட் கோப்பை ஆவணத்திலிருந்தே எழுதித் தரும் எம்எஃப்பிக் தொகுப்பு வழியாகப் போனாலும் சரி, வேலை ஒன்றுதான்: ஆவணத்தை ஒருமுறை ஓட்டு, மெட்டாஃபாண்டை ஓட்டு, ஆவணத்தை மறுபடி ஓட்டு. இதில் எங்கேயோ சிக்கியிருக்கிறீர்கள்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒன்று. டெக் உங்கள் படத்தைப் பார்ப்பதே இல்லை. அது படிப்பது டிஎஃப்எம் என்ற அளவுக் (மெட்ரிக்) கோப்பை மட்டும்தான், அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம், உயரம், வரிக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று சில எண்கள் இருக்கும், அவ்வளவே. கறுப்புப் புள்ளிகள் பிகே கோப்பில் இருக்கின்றன; கடைசியில் அச்சுக்கான கோப்பை உருவாக்கும் டிவிப்ஸோ பிடிஎஃப்டெக்கோ அதைத் தேடி எடுத்து ஒட்டும். ஆக முதல் கேள்வி, கெட்டிருப்பது இடமா மையா என்பதுதான். படத்தை ஓர் எஃப்பாக்ஸுக்குள் (சுற்றிச் சட்டம் போடும் கட்டளை) போட்டு, அதன் உள் இடைவெளியான எஃப்பாக்ஸ்செப்பைச் சுழியமாக்கிவிட்டுப் பாருங்கள்: சட்டம் இடத்தைக் காட்டும், உள்ளே தெரிவது மை. சட்டம் சரி, மை தப்பு என்றால் டிஎஃப்எம்மைத் தொடவே வேண்டாம். மை சரி, சட்டம் தப்பு என்றால் வரைந்த கட்டளைகளில் மணிக்கணக்காகத் தேடாதீர்கள்.

மெட்டாஃபாண்ட் ஓடி முடிந்தது, ஆனாலும் மெட்ரிக் கோப்பைக் காணோம் என்கிறது டெக்

அடைவைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 2602ஜிஎஃப் என்று முடியும் கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது, நீங்கள் மோடு (எந்த அச்சுக்கருவிக்கு என்று சொல்லும் அமைப்பு) சொல்ல மறந்துவிட்டீர்கள். மோடு சொல்லாவிட்டால் மெட்டாஃபாண்ட் ப்ரூஃப் மோடில் ஓடும், அது பெரிதாக்கிச் சரிபார்ப்பதற்கானது, ஒரு பாயிண்டுக்கு 36 பிக்சல் கணக்கு (ஓர் அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட், பெருக்கினால் அந்த 2602 வரும்), அதில் டிஎஃப்எம் எழுதவே எழுதாது. கோப்பின் பெயருக்கு முன்னால் மோடை லோக்கல்ஃபாண்ட் என்றோ எல்ஜேஃபோர் என்றோ வைத்து ஓட்டுங்கள். அந்த வரி பேக்ஸ்லாஷில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல்லைக் கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் அரைப்புள்ளி வருவதால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள், போடாவிட்டால் ஷெல் அதைப் பாதியில் வெட்டிவிடும்.

இதே மறதி இன்னொரு வேடத்திலும் வரும். ப்ரூஃப் மோடில் சுமார் 113 பாயிண்டுக்கு மேல் அகலமான படம், அதாவது 4 சென்டிமீட்டர் தாண்டினாலே, எண் பெரிதாகிவிட்டது என்று பிழை வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மோடு எல்லாம் சரி, கோப்பும் இருக்கிறது, ஆனாலும் டெக் காணோம் என்கிறதா? கேபிஎஸ்இவிச் கட்டளையிடம் அந்த டிஎஃப்எம் பெயரைக் கொடுத்துக் கேளுங்கள். அது ஒன்றும் சொல்லாமல் இருந்தால் டெக்கும் பார்க்கவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் வேறு அடைவிலிருந்து ஓட்டியிருப்பீர்கள்.

டெர்மினல் ஒரு நட்சத்திரக் குறியோடு அப்படியே நிற்கிறது

கோப்பின் கடைசியில் எண்ட் அல்லது பை இல்லை. அங்கேயே எண்ட் என்று தட்டினால் முடிந்துவிடும், அப்புறம் கோப்பில் சேர்த்துவிடுங்கள். எம்எஃப்பிக்கில் இது வந்தால் வரைபடக் கோப்பை மூடும் கட்டளையை ஆவணத்தில் எழுத மறந்திருப்பீர்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் கோப்பின் பெயரையே கேட்கிறது.

பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை: வரைபடக் கோப்புக்கு ஆவணத்தின் பெயரையே வைக்காதீர்கள். டெக்கும் மெட்டாஃபாண்டும் இரண்டுமே அதே பெயரில் லாக் கோப்பு எழுதும், ஒன்று இன்னொன்றை அழிக்கும், நீங்கள் தேடும் பிழைச் செய்தி அதில்தான் இருந்திருக்கும்.

திருத்திவிட்டேன், ஆனால் பழைய படமே வருகிறது

இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான், ஒருமுறை ஒரு வளைகோட்டின் சூத்திரத்தை நான்கு விதமாக மாற்றி நான்கிலும் ஒரே படம் வந்து, கணக்கு எனக்கு மறந்துவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்குப் போனேன். நடப்பது இதுதான். டிவிப்ஸ் ஒரு பிகே கோப்பு கிடைக்கவில்லை என்றால் தானே எம்கேடெக்ஸ்பிகேவை அழைத்து உருவாக்கிக்கொள்ளும், உருவாக்கியதை உங்கள் வீட்டு அடைவுக்குள் ஒளிந்திருக்கும் டெக்ஸ்எம்எஃப்-வார் கிளையில் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அது அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மூலக்கோப்பு அதைவிடப் புதியதா என்று பார்ப்பதில்லை. சாதாரண எழுத்துருக்கள் வருஷக்கணக்கில் மாறாது என்பதால் அந்த ஏற்பாடு அவற்றுக்குச் சரி. உங்கள் எழுத்துருவோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

இதற்கு ஒரு துப்பு உண்டு: டிவிப்ஸ் ஓடும்போது செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்லும். டிஎஃப்எம் ஓர் ஓட்டத்தில் பிறந்தது, பிகே இன்னோர் ஓட்டத்தில் பிறந்தது என்பதுதான் அதன் பொருள், அந்த வரியை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் வளைகோடு மட்டும் மாறி அளவுகள் மாறாமல் இருந்தால் அந்த வரி வராமலும் போகலாம், ஆகவே வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடவும் கூடாது. அந்த டெக்ஸ்எம்எஃப்-வார் கிளையில் உங்கள் எழுத்துருவின் பெயரில் இருக்கும் எல்லா பிகேக்களையும் அழியுங்கள். பிறகு மெட்டாஃபாண்ட் தரும் ஜிஎஃப் கோப்பைப் பிகேயாக்கும் ஜிஎஃப்டுபிகேவை நீங்களே ஓட்டி, பிகேயை ஆவணத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாஃபாண்ட், ஜிஎஃப்டுபிகே, டெக் மூன்றையும் ஒரு சின்ன ஸ்க்ரிப்டில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

இடம் விட்டிருக்கிறது, உள்ளே வெறுமை

பிகே கிடைக்கவில்லை, அல்லது வேறு தெளிவுத்திறனில் இருக்கிறது. நீங்கள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) உருவாக்கி வைத்திருப்பீர்கள், டிவிப்ஸ் 600 கேட்டிருக்கும். மிஸ்ஃபாண்ட் லாக் என்ற கோப்பு அடைவில் முளைத்திருந்தால் திறந்து பாருங்கள், எந்த எழுத்துருவை எந்த டிபிஐயில் தேடித் தோற்றது என்று அதில் அப்படியே இருக்கும்.

படம் கடுகளவு வருகிறது

இதில் இரண்டு நோய் உண்டு, எஃப்பாக்ஸ் சோதனை பிரித்துக் காட்டிவிடும்.

சட்டமும் சேர்ந்து சுருங்கியிருந்தால் எழுத்துருவை ஏற்றிய விதம் தப்பு. வரைபட எழுத்துருவின் டிசைன்சைஸ், அதாவது அதன் இயல்பான அளவு, 128 பாயிண்ட் என்று வைத்திருப்பீர்கள் என்று வையுங்கள் (ஏன் அவ்வளவு என்பது அடுத்த பகுதியில்). அதை லேடெக்கின் வழக்கமான எழுத்துரு அறிவிப்பில் பதிவு செய்தால், லேடெக் இதுவும் ஒரு சாதாரண எழுத்துரு என்று நினைத்து, நடப்பு அளவான 10 பாயிண்டில் கேட்கும், படம் 12.8 மடங்கு சுருங்கும். மிஸ்ஃபாண்ட் லாக்கில் 47 டிபிஐ என்ற விசித்திர எண்ணைப் பார்த்தால் இதுதான், 600ஐ 12.8ஆல் வகுத்துப் பாருங்கள். டெக்கின் அடிப்படை ஃபாண்ட் கட்டளையால், 'அட்' என்று எதுவும் சேர்க்காமல் ஏற்றுங்கள், இயல்பான அளவில் வரும்.

சட்டம் சரியாக இருந்து, மை மட்டும் அதன் இடது கீழ் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், வரையும் கட்டளையில் ஹாஷ் குறி (#) போட்ட அளவைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஹாஷ் அளவு எந்த அச்சுக்கருவியையும் சாராத உண்மை அளவு, எழுத்தின் அளவுகளை அறிவிக்கும் பிகின்சாருக்குக் கொடுக்க வேண்டியது அது. வரைவதற்கு வேண்டியது பிக்சல் அளவு. 600 டிபிஐயில் ஒரு பாயிண்ட் 8.3 பிக்சல், ஆகவே சரியாக 8.3 மடங்கு சிறுத்திருக்கும். மோட்செட்டப்புக்குப் பிறகு டிஃபைன்பிக்சல்ஸில் உங்கள் அலகைச் சேர்த்து, வரைகிற இடங்களில் ஹாஷை எடுத்துவிடுங்கள்.

படம் பக்கத்திலுள்ள எழுத்துகள் மீது ஏறுகிறது

மை முழுசாக இருக்கிறது, சட்டம் மட்டும் குறுகல். டிஎஃப்எம் கோப்பில் எல்லா அளவும் டிசைன்சைஸின் மடங்காகத்தான் எழுதப்படும், 16 மடங்கை எட்ட முடியாது. டிசைன்சைஸ் 10 பாயிண்ட் என்றால் 160 பாயிண்டுக்கு மேல், அதாவது சுமார் 5.6 சென்டிமீட்டருக்கு மேல், ஓர் எழுத்து இருக்கவே முடியாது என்று டெக்கிடம் சொல்லியாகிவிட்டது. மெட்டாஃபாண்ட் சும்மா விடுவதில்லை, ஓட்டத்தின் கடைசியில் சில அளவுகளைக் குறைக்க வேண்டியிருந்தது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி சொல்லும், நாம்தான் படிப்பதில்லை. டிசைன்சைஸை 128 பாயிண்ட் ஆக்குங்கள். ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் மெட்டாஃபாண்டே 128 என்று வைத்துக்கொள்ளும் என்பது வேடிக்கை, மறந்தவர்களுக்குப் படம் சரியாக வரும், அக்கறையாக 10 என்று எழுதியவர்களுக்குத்தான் வெட்டுப்படும்.

பத்துப் பதினைந்து படம் வரை சரி, அப்புறம் எல்லா உயரமும் லேசாகப் பிசகுகிறது

தொடாத படத்தின் உயரமும் மாறுவதால் பேய் பிடித்ததுபோல் இருக்கும். டிஎஃப்எம் அமைப்பில் ஓர் எழுத்தின் உயரத்தைக் குறிக்க 4 பிட் மட்டும்தான். 16 வகை உயரம், அதில் ஒன்று சுழியத்துக்குப் போய்விடுகிறது, மீதி 15. கீழிறக்கத்துக்கும் இதே கணக்கு. அகலத்துக்கு மட்டும் 8 பிட், அதனால் அகலத்தில் இந்த வியாதி வராது. சாதாரண எழுத்துருவில் 15 உயரம் தாராளம்; க, ச, த எல்லாம் ஒரே உயரம்தானே. வரைபடங்கள் அப்படியில்லை, ஒவ்வொன்றும் ஒரு உயரம்.

16வது புது உயரம் வந்ததும் மெட்டாஃபாண்ட் அருகருகே உள்ள உயரங்களைச் சேர்த்து, நடுவில் ஒரு மதிப்பை எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும், கூடவே சார்எச்டி (எழுத்தின் உயரம்) மதிப்புகளை இத்தனை பாயிண்ட் வரை சரிக்கட்ட வேண்டியிருந்தது என்று சொல்லும். அந்த எண் அரைப் பாயிண்டுக்குக் குறைவென்றால் விட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாது. 5 பாயிண்ட் என்றால் மேல் வரியில் கோடு இடிக்கும். எளிய மருந்து, உயரங்களைத் தரப்படுத்துவது: நாலைந்து உயரங்களை முடிவு செய்து எல்லாப் படங்களையும் அவற்றுக்குள் அடக்குங்கள், ஆவணமும் பார்க்க ஒழுங்காக இருக்கும். முடியாதென்றால் இரண்டாவது எழுத்துருக் கோப்பு தொடங்குங்கள். எப்படியும் ஒரு கோப்பில் 256 எழுத்துக்கு மேல் போக முடியாது, 256 என்று எண் கொடுத்தால் அது சுற்றிவந்து 0வது எழுத்தின் மேலேயே உட்காரும்.

எண் பெரிதாகிவிட்டது என்ற பிழை

மெட்டாஃபாண்டில் சேமித்து வைக்கும் எந்த எண்ணும் 4096க்குக் கீழே இருக்க வேண்டும். கணக்கின் நடுவில் 32768 வரை பொறுத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் கணக்கே வழிந்துவிட்டது என்று நிற்கும். இது இரண்டு பக்கமிருந்து கடிக்கும்.

ஒன்று, பிக்சல். படத்தின் ஆயங்களும் பிக்சலில் இதே எல்லைக்குள் அடங்க வேண்டும். 600 டிபிஐயில் 4096 பிக்சல் என்பது சுமார் 17 சென்டிமீட்டர், போதும். 1200 டிபிஐக்குப் போனால் எட்டரைச் சென்டிமீட்டர்தான், ஒரு சாதாரண வரைபடமே முட்டும். மேலே சொன்ன ப்ரூஃப் மோடு விவகாரமும் இதுதான். 600க்கே திரும்புங்கள், அல்லது படத்தை இடது பாதி, வலது பாதி என்று இரண்டு எழுத்தாக வெட்டி அடுத்தடுத்து வையுங்கள், நடுவில் வெற்றிடம் விடாமல்.

இன்னொன்று, உங்கள் தரவு. 2024 என்ற ஆண்டை அச்சில் குறிக்கலாம், அதன் வர்க்கத்தைக் கேட்டால் விழுந்துவிடும். எக்ஸ் வர்க்கத்தைச் சேமித்துவைத்து வரைந்தால் எக்ஸ் 63 வரை ஓடி 64ல் நின்றுவிடும். பெருக்கிய பின் வகுக்காமல், வகுத்த பின் பெருக்குங்கள். லட்சக்கணக்கான எண்களை வெளியிலேயே ஆயிரத்தால் வகுத்துக் கொண்டுவந்து, அச்சின் பெயரில் 'ஆயிரங்களில்' என்று எழுதிவிடுங்கள். எச்சரிக்கையை அணைக்கும் வார்னிங்செக்கைச் சுழியமாக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். அது வாயை மூடும், நோயைத் தீர்க்காது.

பிழையே இல்லை, வளைகோடுதான் தப்பு

சைன் வரைந்தேன், கிட்டத்தட்ட நேர்கோடு வந்தது: மெட்டாஃபாண்டின் சைன்ட், காஸ்ட் இரண்டும் டிகிரியில் கேட்கும். 0 முதல் 6.28 வரை ரேடியன் என்று நினைத்து ஓட்டினால் முழு அலைக்குப் பதில் 6.28 டிகிரி மட்டும் போயிருக்கிறீர்கள், சைன் அங்கே 0.11 கூட ஆகவில்லை. 57.29578ஆல் பெருக்கிக் கொடுங்கள்.

அடுக்குச் சார்பு தட்டையாக வருகிறது: எம்எக்ஸ்ப் தருவது உள்ளே கொடுத்ததில் 256ல் ஒரு பங்குக்கான மதிப்பு. எக்ஸுக்கு வேண்டுமென்றால் 256 எக்ஸ் கொடுக்க வேண்டும். எம்லாக் அதற்கு எதிர், வந்ததை 256ஆல் வகுக்க வேண்டும். எக்ஸ் 8.3 தாண்டினால் விடை 4096ஐத் தாண்டிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசித் துண்டு காணோம்: இது அழகான பிழை. 0 முதல் 1 வரை 0.1 படியாகச் சுழற்சி எழுதியிருப்பீர்கள். மெட்டாஃபாண்ட் எண்களை 65536ல் ஒரு பங்கின் மடங்காக வைத்திருக்கிறது, 0.1 என்பது 6553.6 பங்கு, அதை 6554 ஆக்கிக்கொள்ளும். பத்து முறை கூட்டினால் 65540, ஒன்றைத் தாண்டிவிட்டது, கடைசிப் புள்ளியை வரையாமல் சுழற்சி முடிந்துவிடும். 0.05 வைத்தாலும் இதே கதை. 0.25, 0.125 என்றால் துல்லியமாக விழும். இல்லாவிட்டால் முழு எண்ணில் 0 முதல் 10 வரை சுற்றி, உள்ளே பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

தரவுப் புள்ளிகளுக்கு நடுவே கோடு தொப்பை போடுகிறது, சில இடத்தில் பின்னோக்கியே வளைகிறது: இரட்டைப் புள்ளியால் இணைத்திருப்பீர்கள். அது எழுத்துகளை அழகாக வளைப்பதற்கு ஜான் ஹாபி வகுத்த முறை, ஓர் எக்ஸுக்கு ஒரு ஒய்தான் இருக்க வேண்டும் என்ற கவலை அதற்குக் கிடையாது. புள்ளிகளை நெருக்கிப் போட்டு இரட்டைக் கோட்டால், நேர்த்துண்டுகளாக, இணைத்துவிடுங்கள். 600 டிபிஐயில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அளந்த தரவுக்கு இதுதான் நேர்மையும்கூட, அளக்காத இடத்தில் ஒரு மேட்டைக் காட்டாது.

டேன் வரைந்தால் குத்துக்கோடுகள் வருவது, கூட்டல் பக்கத்துக் கடைசிப் புள்ளியையும் கழித்தல் பக்கத்து முதல் புள்ளியையும் நீங்களே இணைத்ததால். துண்டு துண்டாக வரையுங்கள்.

வளைகோட்டுக்கும் அச்சுக்கும் நடுவே நிழலிடும்போது விசித்திரமான பாதை, திரும்பும் எண் சுழியம் என்று பிழை: வளைகோடு அச்சை வெட்டிக் கீழே போகிறது, மூடிய பாதை எட்டு வடிவம் ஆகிவிட்டது. டர்னிங்செக்கைச் சுழியமாக்கினால் பிழை போகும், ஆனால் ஒரு மடல் மட்டும் கறுக்கும், இன்னொன்று வெறுமையாக இருக்கும், காரணம் எதிர்த்திசையில் சுற்றிய மடலுக்குக் கழித்தல் ஒன்று என்று எடை விழுகிறது. அதைவிட மோசம், அந்த மடலின் மேல் ஓடும் கட்டக்கோடுகளும் காணாமல் போகும், கழித்தல் ஒன்றும் கூட்டல் ஒன்றும் சேர்ந்து சுழியம். வெட்டும் இடத்தில் பாதையைப் பிரித்து இரண்டையும் தனித்தனியாக நிரப்புங்கள்.

படத்துக்குப் பிறகு வரும் வாக்கியமே மறைந்துவிட்டது

எழுத்துருவை மாற்றியவர் அடைப்புக்குறி போட மறந்துவிட்டார், வாக்கியம் முழுவதும் வரைபட எழுத்துருவில் ஓடுகிறது, அதில் அந்த எழுத்துகள் இல்லை. இப்படி எழுத்து இல்லாமல் போவதை டெக் சில அமைப்புகளில் லாக்கில் மட்டும்தான் முணுமுணுக்கும். ட்ரேசிங்லாஸ்ட்சார்ஸை 2 ஆக்கினால் டெர்மினலிலும் சொல்லும்.

பிடிஎஃப்பில் மங்கலாக, படிபடியாகத் தெரிகிறது; வண்ணமும் வரவில்லை

இது பிழையல்ல. பிகே என்பது புள்ளிப் படம், பிடிஎஃப்புக்குள் டைப் 3 எழுத்துருவாகப் போய் உட்காரும், பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் கட்டளை ஓட்டினால் தெரியும். தாளில் நன்றாக இருக்கும், திரையில் பெரிதாக்கினால் பல் தெரியும். எம்எஃப்ட்ரேஸ் போன்ற கருவியால் புள்ளிகளைச் சுற்றுக்கோடாக மாற்றலாம், ஆனால் மெல்லிய கட்டக்கோடுகள் நெருங்கிய படத்தில் அது தடுமாறும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ஓர் எழுத்துக்கு ஒரு வண்ணம்தான். வரைபடத்தின் இரண்டு வளைகோடும் இரண்டு வண்ணத்தில் வேண்டுமென்றால் அவற்றை ஒரே அளவுள்ள இரண்டு எழுத்தாக வரைந்து, முதல் எழுத்தை ஆர்லேப்புக்குள் (இடம் எடுக்காமல் அச்சிடும் கட்டளை) போட்டு இரண்டாவதை அதன் மேலேயே வையுங்கள். சட்டங்கள் ஒன்றாக இருப்பதால் மை மயிரிழை பிசகாமல் பொருந்தும். மூன்றாவது வண்ணமும் கேட்கத் தொடங்கிவிட்டால் எம்எஃப்பிக்கில் மெட்டாபோஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டிவிடுங்கள், படங்கள் எழுத்துருவை விட்டு வெளியேறிச் சுற்றுக்கோட்டுப் படங்களாகிவிடும், அந்த 15 உயரத் தொல்லையும் அதோடு போகும்.